பிடித்த தொடர் நிற்குமா, நீளுமா: முன்கூட்டி அறியும் வழி

மனம் ஒன்றிப் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதும், அதே அலைவரிசையில், கதை எப்போதோ தீர்ந்துவிட்ட இன்னொரு தொடர் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி எழும் மனக்குறை. சனங்களின் ரசனை கெட்டுவிட்டது என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவதே வழக்கம். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிப்பது ஒரு வரவுசெலவுக் கணக்கு. அதில் தரத்துக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் முதலிடம் இல்லை. அந்தக் கணக்கின் பெரும்பகுதியை எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே வாசித்துவிடலாம். வாசிக்கும் முறையையும், வாசித்த பின் எங்களால் செய்யக்கூடியவற்றையும் கீழே எழுதுகிறேன்.

முதலில், தொடர் நிறுத்தப்பட்டதா, முடிக்கப்பட்டதா என்று பிரித்துப் பாருங்கள். பி.பி.சி.யின் 'ஃபோல்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தம் 12 பகுதிகளே வந்தது. அதை யாரும் வெட்டவில்லை. எழுதியவர்களே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். தூர்தர்ஷன் காலத்து நாடகங்கள் பல 13 வாரங்களில் முடிந்ததற்கும் அவற்றின் தோல்வி காரணமன்று, ஒதுக்கப்பட்ட இடமே 13 வாரமாக இருந்தது. நான் இங்கே பேசுவது, கதை நடுவழியில் நிற்கக் கதவு சாத்தப்பட்ட தொடர்களைப் பற்றி.

பணம் எந்தப் பக்கத்தால் வருகிறது

இலவசமாகக் கிடைக்கும் தொலைக்காட்சியில் விற்பனைக்கு வைக்கப்படுவது பார்வையாளரின் நேரம். அதை வாங்குபவர் விளம்பரதாரர். அமெரிக்காவில் 1930களில் வானொலியில் வந்த பகல்நேரக் குடும்பக் கதைகளுக்குப் பணம் போட்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் சவர்க்கார உற்பத்தியாளர்கள். 'சோப் ஒபரா' என்ற பெயர் அந்தக் கதைகளுக்கு அப்படித்தான் வந்தது. 'கைடிங் லைட்' என்ற தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை ஓடியது. அதைத் தயாரித்தது புரொக்டர் அன்ட் காம்பிள், அதாவது சவர்க்காரம் விற்கும் நிறுவனமே. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் எழுத்து தரம் குன்றாமல் நிற்பது எங்கும் நடக்காத காரியம். சவர்க்காரம் வாங்குபவர்கள் அந்த நேரத்தில் அங்கே கூடினார்கள், கூடிய வரைக்கும் தொடர் ஓடியது.

தமிழ்த் தொடர்களிலும் இதே கணக்கு வேறு உருவத்தில் நடந்தது. சன் தொலைக்காட்சியில் நீண்ட காலம் இருந்த முறை, தயாரிப்பாளர் அலைவரிசையிடம் அரைமணி நேரத்தை விலை கொடுத்து வாங்கி, அந்த அரைமணிக்குள் வரும் விளம்பர இடத்தில் தமக்குரிய பங்கைத் தாமே விற்று முதலை மீட்டுக்கொள்வது. இந்த முறையில் தயாரிப்பாளர் ஒரு நெல் வியாபாரியைப் போல நாளாந்தம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். போட்ட வீட்டு செற், சேர்த்த நடிகர்கள், பழகிய படப்பிடிப்புக் குழு எல்லாம் கையில் இருக்கும்போது, புதுக் கதை ஒன்றைத் தொடங்கி மீண்டும் சனங்களைச் சேர்ப்பதைவிட ஓடுகின்ற கதையில் இன்னொரு கல்யாணத்தையோ இன்னொரு சொத்துத் தகராற்றையோ சேர்ப்பது மலிவு. 'சித்தி' 1999இல் தொடங்கி இரண்டாண்டுக்குள் 500 பகுதிகளுக்குக் குறைவாக முடிந்தது. 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' 800ஐத் தாண்டியது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை நீண்டு 1,500ஐத் தாண்டியது. இந்த மூன்றும் மக்கள் விரும்பிப் பார்த்த தொடர்கள்தான். ஆனால் நீளம் கூடிக்கொண்டு போனதற்குக் கதையின் தேவை மட்டும் காரணம் என்று அவற்றை ஒழுங்காகப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்.

இதைச் சோதித்தறிய ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியை அருகில் வைத்துக்கொண்டு, இடைவேளையில் என்னென்ன வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பால்மா, தேயிலை, சவர்க்காரம், சீமெந்து என்று காசு கொடுத்தவர்களின் விளம்பரங்கள் வருகின்றனவா, அல்லது அலைவரிசை தன் மற்ற நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் முன்னோட்டங்களே இடைவேளையை நிரப்புகின்றனவா? இரண்டாவது வகை கூடிக்கொண்டு போனால், அந்த நேரத்தை வாங்க ஆளில்லை என்று பொருள் கொள்ளலாம். தொடக்கத்தில் வரும் 'அனுசரணை வழங்குவோர்' பட்டியலில் ஒரு பெயர் காணாமற்போவதும் அதையே சொல்லும். இந்தியத் தொடர்களின் வெளிநாட்டு ஒளிபரப்பில் விளம்பரங்கள் மாறி வருவதால், இந்தச் சோதனை உள்ளூர் அலைவரிசைகளுக்கே சரியாகப் பொருந்தும்.

சந்தாவில் வாழும் நிலையங்களின் கணக்கு வேறு. எச்.பி.ஓ.வில் 2002 முதல் 2008 வரை வந்த 'த வயர்' தொடரைப் பார்த்தவர் தொகை குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருது ஒன்றைக்கூட அது வாங்கவில்லை. இருந்தும் ஐந்து பருவங்கள், 60 பகுதிகள் வரை வந்து தன் கதையைச் சொல்லி முடித்தது. இப்படியான தொடர் ஒன்று இருக்கிறது என்பதற்காகவே சிலர் மாதச் சந்தாவைத் தொடர்ந்து கட்டுவார்கள் என்பது அந்த நிலையத்துக்கு ஆதாயம். விளம்பரத்தில் வாழும் நிலையத்தில் அதே தொடர் ஓராண்டு தாங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆகவே தொடர் நல்லதா என்று கேட்பதற்கு முன்னர், அது யாருடைய காசில் நிற்கிறது என்று கேளுங்கள்.

எண்ணப்படுபவர் யார்

இந்தியத் தொலைக்காட்சியின் பார்வையாளர் கணக்கை 2015 முதல் வெளியிட்டு வருவது பார்க் என்ற அமைப்பு. 200 மில்லியனுக்கு மேற்பட்ட தொலைக்காட்சி வீடுகள் உள்ள நாட்டில், ஐம்பதாயிரத்தைச் சுற்றிய எண்ணிக்கையான வீடுகளில் கருவி பூட்டி, அந்த வீட்டில் யார் தொலைக்காட்சிக்கு முன் இருக்கிறார் என்பதை ஆளுக்கொரு பொத்தான் மூலம் பதிந்து, அதிலிருந்து முழு நாட்டுக்கும் கணக்குப் போடுகிறார்கள். மாதிரி எடுத்து எண்ணுவது பிழையான முறையன்று. பானையில் வெந்ததா என்று பார்க்க ஒரு சோறு போதும். ஆனால் அந்தப் பானை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிகள் எல்லாம் இந்தியாவுக்குள்தான் இருக்கின்றன.

கோண்டாவிலில் இருக்கும் என் சித்தி பதினைந்து ஆண்டுகளாக மாலை ஆறரை முதல் பத்து மணி வரை சென்னைத் தொடர்களைப் பார்த்து வருகிறார். கதாபாத்திரங்களின் சாதகம் வரைக்கும் அவருக்குத் தெரியும். அவர் பார்த்த ஒரு நிமிடமும் அந்தக் கணக்கில் ஏறியதில்லை. யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் ஒரு தொடரைக் கைவிட்டாலும் சென்னையில் ஓர் எண்ணும் அசையாது. முழுவதும் கண்ணீர் விட்டுப் பார்த்தாலும் அசையாது. இதில் எவரையும் குறைசொல்ல இடமில்லை, இந்திய விளம்பரதாரருக்கு இந்தியப் பார்வையாளரைப் பற்றிச் சொல்வதே அந்த அமைப்பின் வேலை. ஆனால் எங்களுக்குப் பிடித்த தொடர் நின்றுபோகும்போது 'இவ்வளவு சனம் பார்க்குதே' என்று நாங்கள் திகைப்பதற்கு விடை இதுதான். அந்த 'இவ்வளவு சனம்' எண்ணப்படாத சனம்.

எண்ணப்பட்டாலும் எல்லாத் தலைக்கும் ஒரே விலை இல்லை. 1971இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிலையம், நாட்டுப்புறப் பின்னணியில் அமைந்த தன் தொடர்களை ஒரே மூச்சில் நீக்கியது. அவற்றில் சில அப்போதும் நிறையப் பேர் பார்த்தவை. பார்த்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்களாகவும் கிராமத்தவர்களாகவும் இருந்தார்கள். விளம்பரதாரர் தேடியது நகரத்து இளம் குடும்பங்களை. பிற்காலத்தில் அங்கே 18 முதல் 49 வயது வரையானவர்களின் எண்ணிக்கையே விலையை நிர்ணயிக்கும் அளவுகோலாகிவிட்டது. வீட்டில் அம்மம்மா மட்டும் பார்க்கும் தொடருக்கும் மகளும் மருமகளும் பார்க்கும் தொடருக்கும் ஆயுள் வேறுபடுவது இதனால்தான். உங்கள் தொடரை உங்கள் வீட்டில் எந்த வயதுக்காரர் பார்க்கிறார் என்று கவனித்தாலே ஒரு குறிப்புக் கிடைத்துவிடும்.

குசினியில் இருந்து பார்ப்பது

நடுத்தரமான தொடர்கள் நீண்டு ஓடுவதன் காரணத்தை நான் விளங்கிக்கொண்டது எங்கள் வீட்டுக் குசினி வாசலில். மாலையில் அம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருப்பார். தொலைக்காட்சி கூடத்தில் ஓடும். அவர் இருக்கும் இடத்திலிருந்து திரையின் ஓர் ஓரம்தான் தெரியும். ஒருநாள், பலரும் பாராட்டிய ஒரு நல்ல நாடகத்தைப் போட்டுக் கொடுத்தேன். பாத்திரங்கள் அதிகம் பேசாமல் முகத்தாலும் மௌனத்தாலும் கதை நகரும் நாடகம். பத்து நிமிடத்தில் அம்மா, "என்ன மோனை, ஒருத்தரும் கதைக்கினமில்லை, ரீவி பழுதோ?" என்று கேட்டார். வந்து இருந்து பாருங்கோ என்றதற்கு, "கண் வைச்சுப் பாக்க எனக்கெங்க நேரம்? காதில விழுந்தாக் காணும்" என்றார்.

அந்த 'காதில விழுந்தாக் காணும்' என்ற சொல்லுக்குள் பெரிய விளக்கம் இருக்கிறது. ஒரே செய்தியை மூன்று பாத்திரங்கள் மூன்று தரம் சொல்வதும், இடி விழுந்தது போன்ற இசையோடு ஒவ்வொரு முகமாகக் காட்டுவதும், நேற்று நடந்ததை இன்று ஐந்து நிமிடம் திரும்பக் காட்டுவதும் எழுதத் தெரியாததால் வந்தவை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வேலை செய்துகொண்டு கேட்பவருக்காக, இரண்டு நாள் தவறவிட்டவருக்காக, அரிசி வடித்துவிட்டுத் திரும்பி வருபவருக்காக அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன அந்தத் தொடர்கள். கண்ணையும் கருத்தையும் கேட்கும் தொடர் இந்த இடத்தில் தோற்றுப்போகும். 1982இல் ஏ.பி.சி. நிலையம் 'பொலிஸ் ஸ்குவாட்' என்ற நகைச்சுவைத் தொடரை ஆறே பகுதிகளோடு நிறுத்தியது. கண்ணெடுக்காமல் பார்த்தால்தான் அதன் நகைச்சுவை பிடிபடும் என்பதையே அந்த நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் காரணமாகச் சொன்னார். அதே கூட்டம் அதே கதாபாத்திரத்தை வைத்து 1988இல் திரைப்படம் எடுத்தபோது அது பெருவெற்றி பெற்றது. காசு கொடுத்து இருட்டில் இருந்தவர்கள் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள்.

இதை நாங்களும் ஒரு காலத்தில் செய்தவர்கள்தாம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், அயலெல்லாம் காசு சேர்த்து ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வளவுக்குள் பாய் விரித்து இரவிரவாகப் படம் பார்த்த நாட்களில் எவரும் இடையில் எழுந்து போனதில்லை. எந்தப் படம் என்று தெரிவுசெய்வதற்கே இரண்டு நாள் வாக்குவாதம் நடக்கும், ஏனென்றால் எண்ணெய்க்காசு எல்லோருடையதும். அன்று அங்கே இருந்த அதே அம்மாதான் இன்று காதால் பார்க்கிறார். அவருடைய ரசனை மாறவில்லை. பார்ப்பதற்கு அவர் கொடுக்கும் விலை மாறிவிட்டது.

பழக்கத்தின் வலிமையையும் அதே குசினி வாசலில்தான் கண்டேன். அம்மா நாலாண்டு பார்த்த தொடர் ஒரு சனிக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை அதே நேரத்துக்கு, என்ன வரும் என்று அறியாமலே, தொலைக்காட்சியைப் போட்டார். புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது; அதையே பார்க்கத் தொடங்கினார். நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவர்கள் விரும்பிப் போடுபவரைத் தேடுவதைக் காட்டிலும் அணைக்காமல் விடுபவரைத் தக்கவைக்கவே அதிகம் பாடுபடுகிறார்கள். ஒரு தொடரைப் பத்தில் மூவர் உயிராக நேசித்து மற்ற எழுவர் அலைவரிசையை மாற்றிவிட்டால் அது ஆபத்தில் இருக்கிறது. பத்தில் எண்மர் பெரிதாக எதுவும் உணராமல் ஓட விட்டிருந்தால் அது நீளும்.

நிற்கப்போவதன் அறிகுறிகள்

முதலாவதும் மிக நம்பகமானதும் நேரமாற்றம். எட்டு மணித் தொடர் பத்து மணிக்கோ பிற்பகலுக்கோ நகர்த்தப்பட்டால், அந்த எட்டு மணிக்கு வேறொன்றை வளர்க்க முடிவெடுத்துவிட்டார்கள் என்று அறியலாம். நகர்த்தியதால் பார்வையாளர் குறைவர். குறைந்ததைக் காட்டி நிறுத்துவார்கள். 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு 1968இல் இது நடந்தது. மூன்றாம் பருவம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது, செலவுக்கான பணமும் குறைக்கப்பட்டது; அதன் இளம் பார்வையாளர்கள் வீட்டில் இல்லாத நேரம் அது. 1969இல் தொடர் நின்றது. அந்தந்த ஊரில் எந்த இரவு செத்த இரவு என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்காவில் அது வெள்ளி. எங்களூரில் திருவிழாக் காலத்து நல்லூர் மாலைகளில் எந்தத் தொடருக்கும் வீட்டில் ஆளிருக்காது. அந்த இருபத்தைந்து நாளைக்குள் ஓர் உள்ளூர்த் தொடரைத் தொடங்குபவருக்கு அதன் மேல் அக்கறை இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வரிசை குலைத்து ஒளிபரப்புவது இரண்டாவது அறிகுறி. 'ஃபயர்ஃப்ளை' 2002இல் ஃபொக்ஸ் நிலையத்தில் வந்தபோது, கதாபாத்திரங்களை அறிமுகப்படுத்துவதற்கென்றே எடுக்கப்பட்ட முதற் பகுதியைக் கடைசியில்தான் காட்டினார்கள். எடுத்த 14இல் 11ஐ ஒளிபரப்பியதோடு தொடர் முடிந்தது. தொடக்கத்தைக் காட்டாமல் நடுவிலிருந்து காட்டினால் புதிதாக வருபவருக்கு எப்படி விளங்கும்? தயாரித்தவர்களுக்கும் ஒளிபரப்புபவர்களுக்கும் இடையில் நம்பிக்கை அற்றுப்போனதை இது காட்டும்.

நடிகர் மாற்றத்தைப் பற்றிச் சற்றுக் கவனமாகப் பேச வேண்டும். 'இவருக்குப் பதில் இனி இவர்' என்ற அறிவிப்பு நீண்ட தொடர்களில் சாதாரணம், துணைப் பாத்திரமானால் ஒன்றும் ஆகாது. ஆனால் தொடரே ஒருவரின் தோளில் நிற்கும்போது நிலைமை வேறு. 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் திடீரெனக் காலமானார். அந்தப் பாத்திரத்தை அதன்பின் வேல ராமமூர்த்தி ஏற்றார். தொடர் 2024 யூனில் முடிந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் அதன் தொடர்ச்சியைத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெயருக்குச் சந்தை இருந்தது. நின்றது கதை மட்டும்.

கடைசியாக, தொடர் யாருடைய சொத்து என்று பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் என் எண்ணத்தில் மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதுதான் அதிகம் விளக்குகிறது. 2018 மே மாதத்தில் ஃபொக்ஸ் நிலையம் 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை நிறுத்தியது. மறுநாளே என்.பி.சி. அதை எடுத்துக்கொண்டது, 2021 வரை ஓடியது. ரசிகர்கள் எழுப்பிய குரல் அதற்குத் துணை நின்றது உண்மை. ஆனால் அந்தத் தொடரைத் தயாரித்தது என்.பி.சி.யின் சகோதர நிறுவனமான யுனிவர்சல் தொலைக்காட்சி. ஃபொக்ஸ் நிலையம் அதுவரை வேறொருவரின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க முறையில், நிலையம் கொடுக்கும் பணம் தயாரிப்புச் செலவுக்குக் காணாது. தயாரிப்பாளர் பற்றாக்குறையைத் தன் கையிலிருந்து போட்டு, பின்னர் நாளாந்த மறுஒளிபரப்புக்கு விற்று மீட்பார். அந்த விற்பனைக்கு ஏறத்தாழ நூறு பகுதிகளாவது கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கு. மூன்றாண்டு ஓடிய நடுத்தரத் தொடர் ஒன்று நாலாம், ஐந்தாம் ஆண்டுகளுக்கு எளிதாகத் தப்பிப்போவதற்கும், ஓராண்டு வயதான அருமையான தொடர் ஒன்று வெட்டுப்படுவதற்கும் இந்த எண்ணிக்கை ஒரு பெருங்காரணம். முன்னதற்கு இலக்கு கிட்டத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் விலையைக் குறைத்தாவது தள்ளிக்கொண்டு போவார். பின்னதற்கு அது எட்டாத்தூரம்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எப்போதும் எண்களே வென்றதில்லை. 'சியர்ஸ்' 1982இல் தொடங்கியபோது பார்வையாளர் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. என்.பி.சி. பொறுத்திருந்தது. பதினொரு பருவங்கள், 1993 வரை அது வந்தது. அப்போது அந்த நிலையத்திடம் அதைவிட நன்றாக ஓடக்கூடிய மாற்று இருக்கவில்லை என்பதும் பொறுமைக்கு ஒரு காரணம். உங்கள் தொடரின் இடத்துக்கு வரக் காத்திருப்பது எது என்று பாருங்கள். புதிய தொடர்களின் முன்னோட்டம் எதுவும் ஓடவில்லையானால் சற்று மூச்சு விடலாம்.

இணையத் தளங்களில்

நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் வந்தபோது இந்தக் கொடுமை ஒழிந்துவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2016 ஜனவரியில் இலங்கையிலும் அது கிடைக்கத் தொடங்கியது. அப்போது அதில் விளம்பர இடைவேளை இருக்கவில்லை, நேர அட்டவணையும் இல்லை. நிறுத்தல் மட்டும் வேகமாகியது. '1899' என்ற தொடர் 2022 நவம்பரில் வெளிவந்து, பல நாடுகளில் முதற் பத்துக்குள் நின்று, 2023 ஜனவரியில் ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது. இந்தத் தளங்களில் மறுஒளிபரப்பு விற்பனை என்ற இரண்டாம் வருமானம் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் நடிகர், எழுத்தாளர் சம்பளம் ஏறும். மூன்றாம் பருவத்துக்காகப் புதிதாகச் சந்தா கட்ட வருபவர் சிலரே. ஆகவே செலவோடு ஒப்பிட்டு, முதற் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பகுதி வரை போனார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

பார்வையாளருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: இங்கே யாழ்ப்பாணமும் எண்ணப்படுகிறது. எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் பதிவாகும். ஆகவே பிடித்த தொடரை 'முழுவதும் வந்து முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று ஒத்திவைக்காதீர்கள். அந்த எண்ணம் நியாயமானதுதான், ஆனால் அதுவே தொடரைக் கொல்லும். வெளிவந்த முதல் மாதத்துக்குள் தொடங்கி, கடைசிப் பகுதி வரை பார்த்து முடியுங்கள். ரெலிகிராமில் வரும் திருட்டுப் பிரதியில் பார்த்தால் அந்தப் பார்வை எங்கும் ஏறாது.

காப்பாற்றச் செய்யக்கூடியவை

கடிதம் எழுதுவதால் பயனில்லை என்பது உண்மையன்று. 1967 முடிவிலும் 1968 தொடக்கத்திலும் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் எழுதிய கடிதங்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. நிலையம் தொடர் தொடரும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அந்த மூன்றாம் பருவம் நன்றாக அமையவில்லை, ஆனால் அதனால்தான் மொத்தம் 79 பகுதிகள் சேர்ந்தன. நூறு ஆகாவிட்டாலும் மறுஒளிபரப்புக்கு விற்க அது போதுமாயிற்று. பின்னால் வந்த அத்தனை திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் அந்த மறுஒளிபரப்பே வித்து. 2007இல் 'ஜெரிக்கோ' தொடரின் ரசிகர்கள், கதையில் வந்த 'நட்ஸ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, 20 தொன்னுக்கு மேற்பட்ட கச்சானை சி.பி.எஸ். அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஏழு பகுதிகள் கூடுதலாகக் கிடைத்தன. பிறகு அது நின்றது, ஆனால் ஒரு முடிவோடு நின்றது. எங்களுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு தூர்தர்ஷனின் 'ராமாயணம்'. 52 பகுதிகளுக்கென்று 1987இல் தொடங்கி 78 வரை நீண்ட அந்தத் தொடர், உத்தர காண்டத்தைத் தொடாமல் முடியப்போகிறது என்றறிந்து ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உத்தர காண்டக் கதையும் பின்னர் தொடராக வந்தது.

இவற்றில் பொதுவாக நான் காண்பது, கேட்டவர்கள் குறிப்பான ஒன்றைக் கேட்டார்கள் என்பது. 'நிறுத்தாதே' என்ற கூக்குரலைவிட 'முடிவைக் காட்டு, ஏழு பகுதி போதும்' என்பதற்கு ஒரு நிலையம் இணங்குவது எளிது. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்திய 'சென்ஸ்8' தொடருக்கும் ரசிகர்களின் வேண்டுகோளால் மறுஆண்டு ஒரு நீண்ட நிறைவுப் பகுதி கிடைத்தது.

உள்ளூர்த் தொடரானால் எழுத வேண்டிய முகவரி அலைவரிசையினது மட்டுமன்று. அனுசரணை வழங்கும் வியாபார நிலையத்துக்கு எழுதுங்கள். நேரிலே போய்ச் சாமான் வாங்கும்போது, உங்கள் அனுசரணையில் வரும் நாடகத்தைப் பார்க்கிறோம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரருக்கு ஐம்பது பேர் அப்படிச் சொன்னால் அதைவிடப் பெரிய கணக்கெடுப்பு அவருக்குத் தேவையில்லை. யூடியூபில் வரும் தொடரானால், உத்தியோகபூர்வப் பக்கத்தில் பாருங்கள், விளம்பரத்தை ஓடவிடுங்கள், வெளிவந்த அன்றே கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு இணைப்பை அனுப்புங்கள். அந்த நாடுகளில் ஒரு பார்வைக்கு விளம்பரதாரர் கொடுக்கும் தொகை இங்குள்ளதைவிட அதிகம். ஆகவே அண்ணாவின் குடும்பம் ரொரன்ரோவில் இருந்து பார்ப்பது தொடருக்குச் செய்யும் நேரடி உதவி. படத்தை இறக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்பு போய்ச் சேரும், காசு சேராது.

தொடர் எடுப்பவர்களுக்கும் சில சொற்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, பருத்தித்துறைப் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்றைப் பற்றி ஆறு பகுதிகளில் ஒரு தொடர் எழுதிப் படம்பிடிக்கத் தொடங்கினோம். ஒரு வியாபார நிலையம் அனுசரணைக்கு வாயால் ஒப்புக்கொண்டது. நாலு பகுதி வெளிவந்த பின், பார்வை போதவில்லை என்று விலகியது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்பதற்கும் வழியில்லை. அவர்களில் நான் பிழை காணவில்லை, அவர்களுடைய காசுக்கு அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் ஆறாம் பகுதியில்தான் எல்லா முடிச்சும் அவிழும்படி கதையைக் கட்டியிருந்த பிழை எங்களுடையது. இப்போது எழுதுவதானால், மூன்றாம் பகுதியில் நின்றாலும் ஒரு வாசல் சாத்தப்படும்படி எழுதுவேன். அனுசரணையை முழு எண்ணிக்கைக்கும் எழுத்தில் வாங்குவேன். உரிமை யாருடையது என்பதை முதல் நாளே தாளில் போடுவேன். படம்பிடித்தவற்றின் பிரதி இரண்டை வெவ்வேறு வீடுகளில் வைப்பேன், ஏனென்றால் பெரிய நிறுவனங்களே தங்கள் தளங்களிலிருந்து தொடர்களை அடியோடு நீக்கிவிடுகின்றன.

எங்கள் தொடரின் ஐந்தாம் பகுதி படம்பிடித்து முடிந்து, படப்பிடிப்பாளரின் வன்தட்டில் இருக்கிறது. ஒலிச்சேர்ப்பு மட்டும் பாக்கி. போன மாதம் நோர்வேயில் இருந்து ஒரு பெண், அந்தக் குடும்பத்து மூத்த மகள் கடைசியில் வள்ளத்தை விற்றாளா இல்லையா என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை அச்சடித்து எடுத்துக்கொண்டு, அனுசரணை கேட்டு மூன்று கடைகளுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.